அண்ணன்கள் வரும் வரைக்கும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு உனக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். பத்தாவது வரைக்கும் படித்தேன். இண்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் மாவு மில் ஓட்டுகிறேன். நாலு பேர் கூடி நின்றால் அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். மில் ஓடுகிற சத்தத்தில் யாரும் என்னிடம் அதிகம் பேச முடியாது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம்.

எங்கள் ஊர் ஏரிக் கதையை நாடகமாக எழுதியவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால் ஆடி விழா மலருக்கு அந்தக் கதையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் கதைக்குப் பதில் ஓர் அக்காவின் முகம்தான் வருகிறது. அவர் இப்போது இல்லை. அவர் வீட்டுக்காரரும் இல்லை. அவர்கள் மகளுக்குப் போன் போட்டு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கண்ணா. பேரு மட்டும் வேணாம்" என்றாள். அதனால் யார் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைகோத்து நிற்கிறார்கள். ஆண் வளையல்காரன். கன்னட நாட்டுப் பக்கமிருந்து மலாரம் என்கிற வளையல் சரக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வந்தவன். பெண் எங்கள் ஊர்க்காரி. அவள் கைக்கு வளையல் போட்டவன் மறுபடியும் வந்தான், அதற்கப்புறமும் வந்தான். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போனது. அவளுக்கு மூன்று அண்ணன்கள். அவர்கள் அவனிடம் போய், தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தாயிற்று என்றார்கள். அவளிடம் வந்து, அவன் கொள்ளை நோயில் செத்துப்போனான் என்றார்கள். அவன் மலாரத்தை மதகுக் கல்லில் அடித்து உடைத்துவிட்டு ஏரியில் இறங்கினான். மறுநாள் தண்ணீர் மொள்ள வந்த அவள் கரையெல்லாம் கண்ணாடித் துண்டு கிடப்பதைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். குடத்தைக் கரையில் வைத்துவிட்டு அவளும் இறங்கினாள்.

ஆடிப் பெருக்கன்று எங்கள் பெண்கள் அந்தக் கல்லுக்கு வளையல் வைப்பார்கள். அன்று சாயங்காலம் ஊரே மைதானத்தில் கூடி அந்தக் கதையைப் பார்த்தாக வேண்டும். கூத்தாக இருக்கலாம், நாடகமாக இருக்கலாம், எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் எல்லோரும் வரவேண்டும். வீட்டில் ஒரு ஆள் தங்கினாலும் ஏரி நிரம்பாது என்பார்கள்.

அக்காவின் வீடு என் மில்லுக்கு நேர் எதிரே. வாரம் ஒருமுறை ராகி அரைக்க வருவார். பிளாஸ்டிக் பையில் கொண்டுவர மாட்டார். பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். மாவு விழ ஆரம்பித்ததும் இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னம் கொஞ்சம்" என்பார். நல்ல உயரம். அளவாகப் பேசுவார். ஆனால் ஊரில் எது நடந்தாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

"எத்தினி நேரம் ஓடும்?"

கல்யாண ஊர்வலமா, கோயில் பூஜையா, கட்சிக் கூட்டமா, எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். ஒருமுறை ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் மைதானத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஜனங்கள் கொட்டாவி விட்டு, குழந்தைகள் தூங்கி, கடைசியில் அவர் கட்சிக்காரர்களே டீ குடிக்கப் போய்விட்டார்கள். மறுநாள் மில்லில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அக்கா மட்டும் சொன்னார்:

"ஏன், நல்ல மனுசன். பேசறதுன்னா அப்புடித்தான் பேசணும்."

"ஆமாக்கா, உனுக்கு எல்லாத்தயும் மொழம் போட்டு அளக்கணும்" என்று பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

நான் மில் ஓட்ட ஆரம்பித்த காலத்தில் ஏரிக் கதை கூத்தாகத்தான் நடந்தது. பொழுது சாய்ந்து கட்டியங்காரன் வந்தால், விடிந்த பிறகுதான் அந்தப் பெண் குடத்தைக் கீழே வைப்பாள். அக்கா கூத்து வாத்தியாருக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போய், "வளையல்காரன் எப்ப வருவான்? அண்ணங்காரனுங்க எப்ப வருவானுங்க?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். வாத்தியார் அரிதாரம் பூசிய முகத்தோடு சிரித்தார். "அவனுங்க வர வெடியக்காலம் ஆவும் தாயி. நீ நல்லா உக்காந்து பாரு" என்றார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிறகு அந்தக் கூத்து வாத்தியாருக்கு ஆடியில் வேறு ஊர்களில் தொடர்ச்சியாக வேலை வந்துவிட்டது. இளைஞர் மன்றத்தில் நாடகம் போடலாம் என்றார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் மில்லில் உட்கார்ந்து ஏரிக் கதையை வசனமாக எழுதி வைத்திருந்தேன். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. கூட்டாளி ஒருவன் அதை எடுத்துக்கொண்டு போய் மன்றத்தில் படித்துவிட்டான். அப்படித்தான் நான் நாடக ஆசிரியர் ஆனேன்.

ஒத்திகை தொடங்கிய வாரம் அக்கா மூட்டையோடு வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் காதுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகக் கேட்டார்.

"நாடகம் எத்தினி நேரம் தம்பி?"

"ஒண்ணர மணி நேரம் வரும்க்கா."

"அவ்ளோதானா?" முகம் விழுந்துவிட்டது. "வளையல்காரன் வந்து எவ்ளோ நேரத்துல அண்ணங்காரனுங்க வரானுங்க?"

"ரெண்டு பாட்டு முடிஞ்சதும் வந்துடுவாங்க."

"அதுக்குள்ள என்னா அவசரம் அவனுங்களுக்கு? பொண்ணும் பையனும் நாலு வார்த்த பேச வேணாமா? நாளைக்கு சாவப் போறவங்க. இன்னிக்காச்சும் நல்லா இருக்கட்டுமே. கொஞ்சம் லேட்டா உடு சாமி அவனுங்கள."

நான் எழுதியதைப் பற்றி அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. துக்கம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் சந்தோஷம் நீளமாக இருக்கவேண்டும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனேன். இன்னும் இரண்டு பாட்டுச் சேர்த்தேன். பெண்ணின் தோழிகள் விடுகதை போடுகிற காட்சி ஒன்று எழுதினேன். நாடகம் முடிந்ததும், "நடுவுல ஒரே இழுவப்பா" என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். நான் கவலைப்படவில்லை, அடுத்த வருடம் இன்னும் ஒரு காட்சி சேர்த்தேன். ரசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும் என்று இருந்தேன்.

என்னால் என் நாடகத்தை உட்கார்ந்து பார்க்க முடியாது. நான் எழுதிய வசனத்தை ஒருவர் மைக்கில் உரக்கச் சொன்னால் காது சூடாகிவிடும். முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிடுவேன். முதல் வருடம் ஏரிக்கரைக்குப் போனேன். இரண்டாவது வருடமும் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், தூறல் விழுந்ததால் மில்லுக்கு வந்தேன்.

அப்போது எதிர்வீட்டுச் சமையல்கட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தேன்.

அக்காவை மைதானத்தில் பெண்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பாய் விரித்து, பக்கத்தில் தண்ணிச் செம்பு வைத்து உட்கார்ந்திருந்தார். திருடனோ என்று பயந்து, ஆனாலும் போகாமல் இருக்க முடியாமல், வாசலில் போய் நின்றேன். உள்ளே அக்கா களி உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். தட்டுக்கு முன்னால் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள்.

இந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கே கூட வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் வேறு ஆளுங்க. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கோயில் வாசலில் ஊரைக் கூட்டிவைத்து, "இனிமே அது என் வூட்டுப் படி ஏறக்கூடாது. ஏறுச்சின்னா நான் எறங்கிப் போயிடுவன்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். பங்காளிகள் வீடு இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு கண் தப்பினாலும் இன்னொரு கண் பார்த்துவிடும். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிற சாயங்காலம் வருடத்தில் ஒன்றுதான் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துப் பதறவில்லை. "உள்ள வா தம்பி, நனையாத" என்றார்.

"அண்ணா, நல்லாருக்கீங்களா?" என்றாள் மகள், வாயில் களியோடு. "உங்க நாடகம் நல்லாருக்குதுண்ணா. போன வருசத்துக்கு இந்த வருசம் நீளமா இருக்குது."

"நீ எங்க பாத்த?"

"பாக்கல. கேக்கறன்." மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினாள். எங்கள் ஊர் மைக் செட் குழாய் கட்டினால் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். "பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்பன். வளையல்காரன் பாட்டு வந்தா நான் வருவன். அண்ணனுங்க தப்பட்ட சத்தம் கேட்டா கெளம்பிடுவன். அதுக்கப்புறம் பொணம் உழும், ஊரே அழும், எல்லாரும் மூக்க சிந்திக்கிட்டு வூட்டுக்கு வந்துடுவாங்க."

அவள் சொல்லி முடிக்கும் முன்னால் தப்பட்டை அடித்தது. அக்கா அவசரமாக அவள் கையை இழுத்து, அடுப்புப் பக்கம் வைத்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, வலது கைக்கு வளையல் போட்டார். இடது கைக்குப் போடுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"ஒரு வாய் சாப்புட்டுட்டு போடி."

"அண்ணனுங்க வந்துட்டாங்கம்மா."

பின்கட்டு வழியாக அவரைக்காய்க் கொல்லைக்குள் இறங்கிப் போய்விட்டாள். இடது கை வளையல் அக்காவின் கையிலேயே நின்றுவிட்டது. அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைதானத்துக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். பிணம் விழும்போது மற்றப் பெண்களோடு சேர்ந்து அழுதார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் ஒரே ரசிகை என் நாடகத்தை ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

அடுத்த வாரம் மிஷின் சத்தத்துக்குள் நான் கேட்டேன். பாலக்கோட்டுச் சந்தையிலோ ஓசூர் பஸ் ஸ்டாண்டிலோ போய்ப் பார்க்கக் கூடாதா என்று. அக்கா மாவைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தா அது பாக்கறதா தம்பி? ஆடிக்கு எல்லா பொண்ணுங்களும் பொறந்த வூட்டுக்கு வருது. எம் பொண்ணும் வந்து ஒரு வாய் களி தின்னு, ரெண்டு கைக்கும் வளையல் போட்டுக்கிட்டு போவணும். ரெண்டு கைக்கும்."

அதற்குப் பிறகு நான் தெரிந்தே எழுதினேன். என் அண்ணன்கள் வருடத்துக்கு வருடம் தாமதமாக வந்தார்கள். ஒரு வருடம் வழியில் மாடு தொலைந்து தேடினார்கள். இன்னொரு வருடம் ஏரியில் வெள்ளம் என்று அக்கரையிலேயே நின்றார்கள். மூத்த அண்ணனாக நடித்த என் கூட்டாளி மீசையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். "ஏன்டா மாப்ள, நான் கெடுக்க வந்தவனா, மாடு மேய்க்க வந்தவனா? எங்க பார்ட்ட வுடவே மாட்டங்கற."

இதில் எனக்குப் புரியாமல் இருந்தவர் மாமாதான். முதல் வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. ஆடி விழாவுக்கு யார் பின்வாங்கினாலும் அவர் விட மாட்டார். "கத நடக்கணும்டா. ஏரி நெரம்ப வேணாமா?" என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பார். வளையல்காரன் மலாரத்தை உடைக்கும்போது துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவார். பெற்ற மகளைப் படி ஏறாதே என்று சொன்ன மனுஷன், கல்லில் இருக்கிறவர்களுக்கு இப்படி அழுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அக்காவிடம் ஒருமுறை சொல்லியும் விட்டேன். "அவரு அழட்டும். அழுதா எழுந்திரிக்க மாட்டாரு" என்றார்.

ஒரு வருடம் நாடகத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் நின்றது. மகளுக்குக் கதை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஜனங்கள் எழுந்து வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். நான் மாமாவுக்கு முன்னால் ஓட நினைத்தேன். அவர் எனக்கு முன்னால் போய்விட்டார். டார்ச் அடித்துக்கொண்டு தெரு முனை வரைக்கும் போனவர், அங்கே இருந்த பைப்படியில் நின்றார். தண்ணீர் பிடித்துக் குடித்தார். மார்புச் சளி பிடித்தவர் போல விடாமல் இருமினார். பின்னால் வந்த பங்காளிகள் இரண்டு பேரை மறித்து, "எங்கடா போறீங்க? பொணம் உழுறத பாக்காம போனா ஏரி நெரம்புமா? நடங்கடா, ஜெனரேட்டர் எடுத்தாரலாம்" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். மாமாவுக்குச் சளி அதிகம் போல என்றும் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

கதை நாடகமாகவே நிற்கவில்லை. தர்மபுரியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் அதைப் பாட்டாக எழுதி சி.டி. போட்டார். மன்றத்தில் அந்த வருடம் சி.டி.யையே மைக்கில் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கும். ஆனா இத அவங்கவங்க வூட்டுலயே உக்காந்து கேப்பாங்களே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மன்றத்தில் அதையே நான் வேறு மாதிரி சொன்னேன். "கூட்டமா பாக்கணும்னுதான் ஐதீகம்." என் வாழ்க்கையில் நான் கூட்டத்தில் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

பிறகு ஒருமுறை சேலம் பக்கமிருந்து பொம்மலாட்டக்காரர்கள் வந்தார்கள். அக்கா அவர்களுக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். பொம்மை ஆட்டுகிறவர், "கை வலிக்கும்மா, ரொம்ப நீட்ட முடியாது" என்றார். அக்கா யோசித்தார். "ஒங்கள்ல கோமாளி பொம்ம இருக்குமே, அது எத்தினி நேரம் ஆடும்?" அது எவ்வளவு வேண்டுமானாலும் ஆடும் என்றார் அவர். அந்த வருடம் வளையல்காரன் வந்து போனதும் கோமாளி வந்தான். அவன் போகவே இல்லை. ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்தான், மில்லுக்காரனைக் கிண்டல் செய்தான், தக்காளி விலையைப் பாடினான். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வருடம்தான் மகள் இரண்டு கைக்கும் வளையல் போட்டுக்கொண்டு போனாள். துன்பக் கதையில் இவ்வளவு சிரிப்பா என்று ஊரில் சிலர் குறை சொன்னார்கள்.

அப்படியே வருடங்கள் ஓடின. மகளுக்குக் குழந்தை பிறந்தது. கைக்குழந்தை அழுதால் தெருவுக்கே கேட்கும் என்று அவள் தூக்கி வரவில்லை. அக்கா பேத்தியைப் போனில்தான் பார்த்தார். மில்லுக்கு வந்து, மாவு படியாத பக்கமாக என் போனைத் துடைத்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தையே பார்ப்பார். பேத்தி பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்தாள். அந்த வருடம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மைதானம் வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. ராகி மூட்டையை நானே போய் வாங்கி வந்து அரைத்துக் கொடுத்தேன்.

"இந்த ஆடிக்கு புள்ளயயும் கூட்டியாறேன்னு சொல்லிட்டா தம்பி. சொன்னா சும்மா இருக்குமாம், வெவரமான புள்ளயாம்." கட்டிலில் சாய்ந்தபடி மூச்சுக்கு இடையில் சொன்னார். "அடுத்த ஆடிய நான் பாக்கறது சந்தேகம். இந்த வருசம் என்னா போடறாங்க? எத்தினி நேரம் ஓடும்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த வருடம் நாடகம் இல்லை. இன்ஜினியரிங் படித்த பையன் ஒருவன் ஏரிக் கதையைக் குறும்படமாக எடுத்திருந்தான். திரை கட்டிப் போடுவதாக ஏற்பாடு. பதினைந்து நிமிஷப் படம். அதைவிட மோசம், அண்ணன்கள் முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறார்கள். தப்பட்டை சத்தத்தோடுதான் படமே தொடங்குகிறது. கதை பின்னோக்கிப் போகிறது. அதை வைத்து மகள் எப்போது வருவாள், எப்போது போவாள்?

பையனிடம் போனேன். "தம்பி, அந்த அண்ணனுங்கள கொஞ்சம் தள்ளி வெக்க முடியாதா?"

"அண்ணா, இப்ப ஆடியன்ஸுக்குப் பொறும இல்லீங்கண்ணா. மொத ஷாட்லயே புடிக்கணும். நீங்கதான் ஏற்கெனவே பெரிய இழுவன்னு பேரு வாங்கியிருக்கீங்க, கோச்சிக்காதீங்க." பிறகு பாவப்பட்டு, "வேணும்னா படத்துக்கு முன்னால மூலக்கத நீங்கன்னு ரெண்டு வார்த்த பேசுங்கண்ணா" என்றான். நான் மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். மரியாதைக்குச் சொன்னான்.

"பேசறன்" என்றேன்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. மாமா முதல் நாற்காலியில். வளையல்காரன் பாட்டின் முதல் அடியை, ஒருநாளும் பாடாத நான், கரகரத்த குரலில் பாடினேன். ஜனங்கள் அசந்துபோய் விசில் அடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும். ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு என்ன பேசுவது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வளையல்காரன் நம்ம ஊருக்குள்ள வந்தான். மொதல்ல கோயில் தெருவுக்கு வந்தான்." அந்தத் தெரு முதல் வீட்டுக்காரரின் பாட்டியைச் சொன்னேன். அந்தம்மா கைக்கு வளையல் ஏறாமல் விளக்கெண்ணெய் தடவி ஏற்றினான் என்றேன். அந்த வீட்டார் கைதட்டினார்கள். அடுத்த வீடு. அந்த வீட்டுக் கிழவி பேரம் பேசி ஒன்று இனாமாக வாங்கினாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு நான் நிறுத்த நினைத்தாலும் அவர்கள் விடவில்லை.

"எங்க தெருவுக்கு வரலீங்களாண்ணா?"

"வருவான், வருவான். இரு."

"எங்க ஆயாவுக்கு என்னா கலரு போட்டான்?"

"யோவ் மில்லுக்காரரே, படத்த போட வுடுய்யா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். "எங்க வூடு இன்னும் வரல, நீ கம்முனு உக்காரு" என்று அவனை வேறு யாரோ அதட்டினார்கள். வீடு வீடாக வளையல்காரனைக் கூட்டிக்கொண்டு போனேன். மில் தெருவுக்கு வந்தேன். இடது பக்க வீட்டைச் சொன்னேன். அடுத்தது அக்காவின் வீடு. அதைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாமா எழுந்து நின்றார்.

"எங்க வூட்டுக்கு வரலயா அவன்?"

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. கோயில் வாசலில் அவர் சத்தியம் செய்ததைப் பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும். அவர் மெதுவாக மேடைக்கு ஏறி வந்து, என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எங்க வூட்டுக்கும் வந்தான்" என்றார். குரல் ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "எங்க வூட்லயும் ஒரு பொண்ணு இருந்துச்சி. ரெண்டு கையயும் நீட்டுச்சி. போட்டுட்டுத்தான் போனான்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மைக்கின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, என் காதுப் பக்கம் குனிந்தார். வெற்றிலை வாசம் அடித்தது.

"படம் சின்னதாமே மாப்ள. நீ இன்னும் ரெண்டு தெரு சொல்லு."

மைக்கை என் கையில் வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். உடைக்கிற காட்சி இன்னும் வரவே இல்லை.

ரெண்டு தெரு இல்லை, மிச்சம் இருந்த எல்லாத் தெருவும் சொன்னேன். கடைசியில் படம் ஓடியது. தப்பட்டை அடித்தது. மாமாவின் குரல் மைக்கில் வந்தபோது, பேத்தியின் கைக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது என்றும், "யாரும்மா அது பேசறது?" என்று குழந்தை கேட்டதற்கு "உங்க தாத்தாதான் கண்ணு" என்று அக்கா சொன்னார் என்றும், மகள் பின்னாளில் எனக்குச் சொன்னாள்.

மறுநாள் காலையில் திரையை அவிழ்த்துத் துவைத்துப் போட்டோம். மாமா தக்காளிக் கூடைகளை மினி லாரியில் ஏற்றிவிட்டு, பாலக்கோட்டு மண்டிக்குக் கிளம்பினார். அவர் வீட்டு வாசலில் ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. நாய் தூக்கிக்கொண்டு போகாதபடி அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.